குட்டையில் இருக்கிறவர்

ராஜபாண்டி தான் வெட்டிய மீன் குட்டையிலேயே செத்தான். ஐப்பசி அடைமழையில் கரை உடைந்துவிடாமல் மண்மூட்டை அடுக்கப் போனவன், கரிசல் சேற்றில் வழுக்கி உள்ளே போய்விட்டான். அடுத்த வருஷம், தொண்ணூற்றிரண்டு கார்த்திகையில், குட்டையில் வலை போட்டுப் பார்த்தால் கெண்டைகளின் விலாவில் வட்டம் வட்டமாகச் சிவந்த புண். கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்த மாதிரி இருந்தது. திருச்சுழிப் பக்கம் எத்தனையோ கண்மாய்களில் அதே புண்தான். ஆனால் ஊருக்கு அந்த விவரமெல்லாம் எதற்கு? ஆசையாக வளர்த்த மீனை ராஜபாண்டி தொட்டுத் தொட்டுப் பார்க்கிறான் என்று ஒரே வாயாகச் சொல்லிவிட்டார்கள்.

குறி சொல்கிற கோடாங்கி வந்து உடுக்கடித்து அதையே சொன்னார். அவன் ஆவியை இறக்கிப் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்த வேண்டும் என்றார். ராஜபாண்டியின் தம்பி கோட்டைச்சாமி ஊர்க்கூட்டத்தில் மன்றாடி, பங்குனியில் மீன் பிடிக்கும் வரைக்கும் தவணை வாங்கினான். அதற்குள் புண் ஆறாவிட்டால் ஆணிதான்.

ராஜபாண்டியின் பெண்டாட்டி முத்துலட்சுமிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. உயிரோடு இருந்தபோதே வெயில் தாங்காமல் பாதி வேலையில் வீட்டுக்கு வந்துவிடுகிற மனுஷனை மரத்தோடு சேர்த்து அறையப்போகிறார்களே என்று நெஞ்சு பதறியது. அதே நெஞ்சின் இன்னொரு மூலையில், யாரிடமும் சொல்ல முடியாத ஒரு ஆறுதலும் இருந்தது. ஊரே சொல்கிறதே, அவர் அங்கேதான் இருக்கிறார் என்று!

மீன்வளம் படித்த ஜெப ஷீலா புண்ணைப் பார்க்க வந்தது அந்தச் சமயத்தில்தான். பாலவனத்தத்துப் பெண். பாலைப் புளிக்க வைக்கிற கிருமிகளுக்குப் பங்காளி முறையான ஒன்றைப் பாட்டிலில் வளர்த்துக் கொண்டுவந்திருந்தாள். அதைச் சுடவைத்துச் சாகடித்து, தவிட்டிலும் கடலைப் புண்ணாக்கிலும் பிசைந்து மீனுக்குப் போட வேண்டும். உயிரோடு போட்டால் இந்த வெயிலில் அது என்ன ஆகும் என்று சொல்ல முடியாதாம். செத்தது சொன்னபடி இருக்குமாம். பலிக்குமா என்று தனக்கே நிச்சயமில்லை, பரீட்சை பண்ணித்தான் பார்க்க வேண்டும் என்று ஒளிக்காமல் சொன்னாள். முத்துலட்சுமி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"செத்தது எப்படிம்மா காவல் காக்கும்?"

"உசிரு போனாலும் உருவம் இருக்குல்லக்கா. அதக் கண்டாலே மீனோட ஒடம்பு முழிச்சுக்கிரும். பெறகு நெசமான நோவு வந்தா எதுத்து நிக்கும்."

படித்த பெண் கிருமியைத்தான் சொன்னாள். முத்துலட்சுமி தன் புருஷனை வைத்துக் கேட்டுக்கொண்டாள். தப்பு யார் மேல் என்று சொல்ல?

அன்று முதல் சுடவைக்கிற வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஷீலா சொன்ன பக்குவத்தில் இறக்கி, ஆறவைத்து, பிசைந்து, ஓட்டை போட்ட சாக்கில் கட்டிக் குட்டைக்குள் ஊன்றிய மூங்கிலில் தொங்கவிடுவாள். மீன்கள் வந்து முட்டும்போது சாக்கு ஆடும். காற்றில்லாத நேரத்தில் மீனே வராமலும் ஆடுவதாக அவளுக்குத் தோன்றும். "நாந்தான் வந்துருக்கேன்," என்று சொல்லிவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொள்வாள். தண்ணீருக்குள்ளிருந்து யாரோ தன்னை அண்ணாந்து பார்ப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்காகவே மறுநாளும் போனாள்.

மாசி பிறந்ததும் கோட்டைச்சாமி வலை வீசிப் பார்த்துவிட்டு ஓடிவந்தான். புண்ணெல்லாம் காய்ந்து தழும்பாகிவிட்டது, புதுசாக ஒன்றுகூட இல்லை, அண்ணன் தப்பித்தான் என்று அழுதான். தவணை கேட்டு நின்றவனல்லவா, அவன் பாடு அவனுக்கு. போகிறபோக்கில் ஒன்று சொன்னான்.

"வெறும் நோவுதான் மதினி. அண்ணன் அங்க இல்லவே இல்ல. நம்மளாப் பயந்துட்டோம்."

 ஆணியிலிருந்து அவரைக் காப்பாற்றத்தான் முத்துலட்சுமி இத்தனை நாள் அடுப்படியில் வெந்தாள். காப்பாற்றிவிட்டால் அவர் இல்லாமல் போய்விடுவார் என்பது அதுவரைக்கும் அவளுக்கு உறைக்கவே இல்லை.

பங்குனி வரைக்கும் அவள் சாக்கில் வெறும் தவிட்டைக் கட்டினாள். கிருமியைச் சுடவைத்துக் கீழே கொட்டிவிட்டாள். ஷீலாவுக்குத் தெரியாது, கோட்டைச்சாமிக்கும் தெரியாது. ஒரே ஒரு மீனில் ஒரு புண் போதும், அவர் வந்து தொட்டதாக. அது ஊர் கண்ணில் படுவதற்குள் எடுத்து மடியில் மறைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

மீன் பிடிக்கிற அன்று ஊரே கரையில் நின்றது. கோடாங்கியும் வந்திருந்தார். வலையை இழுத்துக் கொட்டக் கொட்ட, பழைய தழும்புகூட மறைந்து கெண்டைகள் வெள்ளி வெள்ளியாகத் துள்ளின. கோடாங்கி குனிந்து பார்த்துவிட்டு, தனக்கு இங்கே வேலையில்லை என்று காரியாபட்டி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஷீலா சந்தோஷத்தில் முத்துலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுவில் மருந்து விட்டுப் போனாலும் மீனோட உடம்பு சீக்கிரம் மறக்காது போலிருக்கு என்று அவள் சொல்லியிருந்தால் முத்துலட்சுமி என்ன செய்திருப்பாள்? நல்லவேளை, மருந்து நின்றதே அவளுக்குத் தெரியாததால் சொல்லவில்லை.

முத்துலட்சுமி கையை விடுவித்துக்கொண்டு மீன் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டினாள். விலாவைத் தடவினாள், செவுளைத் தூக்கினாள், வால்பக்கம் பார்த்தாள், ஓரமாகப் போட்டாள். ராஜபாண்டி பெண்டாட்டி எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாள் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கடைசி மீனும் தீர்ந்தபோது குட்டையில் முழங்கால் தண்ணீர்தான் கிடந்தது. அதற்குள் ஒருவரும் இல்லை என்பது கரையிலிருந்தே தெரிந்தது.

"எல்லாம் சுத்தமா இருக்குல்ல மதினி?" என்று கோட்டைச்சாமி கேட்டான்.

"சுத்தமாத்தான் இருக்கு," என்றாள் முத்துலட்சுமி. புருஷன் செத்த அன்று ஊர் பார்த்ததே, அதைவிடப் பெரிய அழுகையாக அழுதாள்.