ஐந்தாம் இயலுக்கு விழுந்த கைதட்டல்

நீலாயதாட்சி தேர்வு அறைக்குள் நுழைவதற்கு முன்பே அவள் பெயருக்கு முன்னால் 'முனைவர்' ஏறிவிட்டது. மொழியியல் துறை வாசலில் கட்டியிருந்த ஃபிளெக்ஸில் அவள் முகத்துக்கு ஒரு பக்கம் சீனப் பெருஞ்சுவர், மறுபக்கம் தென்னாப்பிரிக்க மலையொன்று, கீழே நாகப்பட்டினம் கலங்கரை விளக்கம். எல்லாம் சித்தப்பா வசந்தகுமாரின் ஏற்பாடு. முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வு என்றால் தஞ்சாவூரில் அது பாதிக் கல்யாணம். ஆய்வாளர் வீட்டார்தான் சாப்பாடு போட வேண்டும். ஏலத்தில் எடுத்த வஞ்சிர மீனோடு வேன் நிறையச் சனம் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கியிருந்தது.

"ஏ நீலா, உள்ள எப்பக் கைதட்டணும்? கேட்டுச் சொல்லு" என்றார் சித்தப்பா.

"தட்டுறதுக்கு இது என்ன பாட்டுக் கச்சேரியா?"

"அட, போடி. நீ சீனாக்காரன் பேச்சு படிச்ச, அந்த இன்னொரு பேச்சும் படிச்ச. நாங்க கடலுக்குப் போற நாள விட்டுட்டு வந்திருக்கோம். ஒரு தட்டு தட்டக்கூடாதா?"

பக்கத்தில் நின்ற அவளுடைய ஆய்வு நெறியாளர் தியாகராசன் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத் தட்டுங்க. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லி நிறுத்துவாங்க பாருங்க, அப்பத் தட்டுங்க. உடனே நான் எழுந்து பொன்னாடை போடுவேன். அதோட முடிஞ்சுது."

நீலாயதாட்சியால் சிரிக்க முடியவில்லை. சீனமும் ஆப்பிரிக்கான்சும் என்ற தலைப்பே தியாகராசனுடையது. தமிழில் நான் வருகிறேன், நீ வருகிறாய், அவள் வருகிறாள் என்று ஆளுக்கு ஆள் வினை மாறுகிறது. அவ்விரு மொழிகளிலோ யார் வந்தாலும் வினை ஒன்றுதான். நாகப்பட்டினத்துக்குச் சீன வணிகர்கள் வந்தார்கள். பின்னால் டச்சுக்காரர்கள் வந்து, இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகத் தென்னாப்பிரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். அத்தகைய அடிமைகளின் வாயிலும் டச்சு உருமாறித்தான் ஆப்பிரிக்கான்ஸ் பிறந்தது. அந்நியர்கள் கலந்து பேசும் இடத்தில் விகுதிகள் தேய்ந்துவிடும். ஆகவே இரு மொழிகளிலும் வினை மாறாததற்குக் காரணம் ஒன்றே என்பது தியாகராசனின் முடிவு. அதைச் சொல்லும் அவருடைய நூல், இன்று சாப்பாட்டுக்குப் பின் இதே அரங்கில் வெளியாகவிருந்தது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அந்த முடிவு நிற்காது என்று. ஆப்பிரிக்கான்ஸ் விகுதிகளை இழந்த மொழி. சீனமோ, நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துகளிலும் அப்படிப்பட்ட விகுதி இல்லாத மொழி. சொத்தைப் பறிகொடுத்தவனையும் சொத்தே அறியாதவனையும் ஒரே வறுமையில் சேர்க்க முடியுமா? தியாகராசனிடமே கேட்டாள். "ஆய்வேடு போகட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் அவர். அவர் ஒப்புதல் இல்லாமல் ஆய்வேடு துறையைத் தாண்டாது. ஐந்தாம் இயலின் முடிவுரை அவர் சொன்னபடியே போயிற்று. வாய்மொழித் தேர்வில் பேசுவது தன் வாய்தானே, அங்கே சொல்லிக்கொள்ளலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். அவளுக்கிருந்த வாசல் அது ஒன்றுதான்.

தியாகராசன் கெட்டவராக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். உதவித்தொகை நின்றுபோய் அவள் ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டியபோது, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை மீட்டுத் தந்தவர் அவர்.

அரங்கின் முன்வரிசையில் அப்பா கலியபெருமாள் வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பின்னால் அத்தைகள், பங்காளிகள், படகுக்காரர்கள். மேடையில் புறத்தேர்வாளர் சேக் தாவூது. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அவளும் தடையில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தாள். சீனத்தில் ஒரே அசை ஏறி இறங்கும் தொனியில் பொருள் மாறுவதை அவள் சொல்லிக் காட்டியபோது, "பாரு, எப்படி இழுக்குது!" என்று ஓர் அத்தை பக்கத்து இருக்கைக்காரியை இடித்தாள்.

சேக் தாவூது கண்ணாடியைக் கழற்றினார். "கடைசியா ஒண்ணு. ஐந்தாம் இயல்ல, ரெண்டு மொழிக்கும் காரணம் ஒண்ணுங்கிறீங்க. ஆப்பிரிக்கான்சுக்குச் சான்று இருக்கு, சரி. சீனத்துக்கு என்ன சான்று?"

அவள் காத்திருந்த கேள்வி. தியாகராசன் மேசையின் ஓரத்தில் விரல்களைக் கோத்து, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்விரு மொழிகளிலும் வினை எளிமையானதற்குக் காரணம் ஒன்றே என்று என் ஆய்வேடு கூறுகிறது" என்றாள். அடுத்த சொல் 'ஆனால்'. அதைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தாள்.

கடைசிக் கேள்வி என்பது வசந்தகுமாரின் காதில் தெளிவாக விழுந்திருந்தது. பதில் நின்றதையும் அவர் கண்ணால் பார்த்தார். எழுந்து நின்று தட்டினார். வலை இழுக்கிற கைகள் அத்தனையும் ஒன்றாகத் தட்டின. சுவர் அதிர்ந்தது. அவள் உதடு அசைந்தது, அவளுக்கே கேட்கவில்லை. தியாகராசன் சொன்னபடியே எழுந்தார், பொன்னாடையோடு வந்தார். அவருக்குப் பின் துறைத்தலைவர், சித்தப்பா, அப்பா. ஒன்றன்மேல் ஒன்றாகப் பொன்னாடைகள் தோளில் ஏற, கைகள் இரண்டும் உள்ளே சிக்கிக்கொண்டன. சேக் தாவூது எதையோ கேட்க வாயெடுத்து, கடிகாரத்தைப் பார்த்து, "பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன்" என்று ஒலிவாங்கியில் சொன்னார்.

பந்தியில் புறத்தேர்வாளர் பக்கத்தில் நின்று பரிமாறும்படி அப்பா அவளை அனுப்பினார்.

"ஏம்மா," சேக் தாவூது இலையைப் பார்த்தபடியே மெல்லக் கேட்டார், "நீங்க முடிக்கல இல்ல? வேற ஏதோ சொல்ல வந்தீங்க."

அவள் மீன் தட்டைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"அறிக்கையில நான் இன்னும் கையெழுத்துப் போடல. ஐந்தாம் இயலத் திருத்தணும்னு ஒரு வரி எழுதினாப் போதும். பட்டம் கொஞ்சம் தள்ளிப்போகும். வேற ஒண்ணும் ஆயிடாது."

ஒரு வரி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்ப் பந்தியில் அப்பா இலைக்கு இலை நின்று, "எம் பொண்ணு டாக்டரு. ஊசி போடுற டாக்டரு இல்லீங்க, அதுக்கும் மேல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தியாகராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரசவாளியோடு படகுக்காரர்களுக்குக் குனிந்து குனிந்து ஊற்றிக்கொண்டிருந்தார். "சார், நீங்க போயி ஊத்துறீங்களே!" என்று அவர்கள் கூச்சத்தில் நெளிந்தார்கள். அரங்கிற்குள் அவருடைய நூலை யாரோ மேசைமேல் அடுக்கும் சத்தம் கேட்டது. இவர்களில் எவரை அழைத்து, எந்தச் சொல்லில் தொடங்குவது?

"ஒண்ணுமில்லைங்க சார்" என்றாள். "மூச்சு வாங்கினேன், அவ்வளவுதான். இன்னொரு துண்டு மீன் வைக்கட்டுங்களா?"

சேக் தாவூது வேண்டாமென்று இலைமேல் கையைக் காட்டினார். பிறகு இலையை மடித்தார். கை கழுவி, ஈரத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, அறிக்கையைக் கையெழுத்திடும் பக்கத்தில் திருப்பி வைத்து, "பேனா இருக்காம்மா?" என்று கேட்டார்.

இருந்தது. மூடியைக் கழற்றிக் கொடுத்தாள்.