ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு

புது உள்ளரங்கத்தின் சுவரில் மாட்டப்போகும் பலகைக்கு, கூடைப்பந்தில் அதிகப் புள்ளி எடுத்த மூன்று பெண்களின் பெயரும் மூன்று எண்ணும் வேண்டும் என்று கிருபாசங்கர் கேட்டபோது, அன்புச்செல்வி அதை ஒரு மதிய இடைவேளை வேலை என்றுதான் நினைத்தாள். கல்லூரியின் தேர்வுப் பிரிவில் அவள் எழுத்தராகி இருபத்தோரு வருடம் ஆகிறது. அதற்கு முன் இதே கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மூன்று வருடம் ஆடியிருக்கிறாள். இப்போதும் இங்கே பெண்கள் போட்டி எது நடந்தாலும், மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதுவது அவள்தான். அவள் எழுதிய தாளில் ஒரு பிழை வந்ததில்லை என்று கோயமுத்தூர் ரெஃப்ரிகள் எல்லோருக்கும் தெரியும்.

"மொத்தம் எத்தன புள்ளி, அது மட்டும் போதுங்க்கா," என்றான் கிருபாசங்கர். உடற்கல்வி இயக்குநர், வயதில் அவளைவிட ஒன்பது வருடம் சின்னவன், பதவியில் பெரியவன். "பலகையப் பாக்கறவிய நின்னு வகுத்தலா போட்டுப் பாப்பாங்க?"

"எத்தன மேட்சுன்னு போடாம எப்படிங்க சார்? நாச்சியம்மாக்கா ஆடுனது மண்ணுத் தரை. மூணு புள்ளிக் கோடே கெடையாது. எங்கிருந்து போட்டாலும் ரெண்டுதான். வருசத்துக்குப் பதினஞ்சு மேட்ச் கெடைச்சாப் பெருசு."

"அப்பல்லாம் மறிக்கறதுக்கு ஆளே இல்லீன்னு நம்ம ஷ்ரவ்யா சொல்றா. பாவாட கட்டிட்டு ஆடுனாங்களான்னு கேக்கறா."

"பாவாட கட்டிட்டே மேட்சுக்குப் பதினேழு புள்ளின்னு சொல்லுங்க அவகிட்ட."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். உடற்கல்வி அறையின் பீரோச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

பழைய தாள்களைக் கூட்டி முடிக்க நான்கு மதியங்கள் ஆயின. எழுபத்து நான்கிலிருந்து எழுபத்தேழு வரை ஆடிய நாச்சியம்மாள், நாற்பத்து நான்கு ஆட்டங்களில் எழுநூற்று நாற்பத்திரண்டு. தொண்ணூற்றெட்டில் முடித்த அன்புச்செல்வி, அறுபத்து மூன்று ஆட்டங்களில் ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு. இப்போது எம்.காம். கடைசி வருடம் படிக்கும் ஷ்ரவ்யா, ஐந்து வருடத்தில் தொண்ணூற்றொரு ஆட்டங்கள், ஆயிரத்து இருநூற்று எழுபத்தொன்று. வியாழக்கிழமை அரையிறுதியில் பதினாறு புள்ளி எடுத்தால் இருபத்தேழு வருடச் சாதனை போய்விடும்.

அந்த எண்ணைக் கண்டபோது அன்புச்செல்விக்கு ஒரு சின்னக் குத்தல் இருந்தது. பேருந்தில் கைக்குட்டை போட்டு வைத்த இடத்தில் இன்னொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பது போல. இல்லை என்று அவள் தனக்குள் பொய் சொல்லிக்கொள்ளவில்லை. இருந்தது.

அதனால்தானோ என்னவோ, தன்னுடைய கடைசி ஆட்டங்களின் தாள்களை அவள் மறுபடி எடுத்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவற்றைப் பார்த்ததில்லை.

ஸ்கோர் ஷீட் எழுதும் முறை எளிது. யார் புள்ளி எடுத்தாலும் அவருடைய சட்டை எண்ணை எழுத வேண்டும். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இருந்து போட்டால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். ரிங்கை நோக்கிப் பாயும்போது தள்ளிவிடப்பட்டுக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவுக்கு ஒரு கறுப்புப் புள்ளி. அவளுடைய முதல் ஐம்பத்தைந்து ஆட்டங்களில் கறுப்புப் புள்ளிகள் கடுகு சிந்தியது போலக் கிடந்தன. கடைசி எட்டு ஆட்டங்களில் ஒன்றுகூட இல்லை. வட்டங்கள்தான். ரிங் அருகே போவதையே அவள் நிறுத்தியிருக்கிறாள். தூரத்திலிருந்து போடப் பழகிவிட்டாள் என்று அப்போது எல்லோரும் மெச்சினார்கள். செய்தித்தாளில்கூட வந்தது. இடது கால் எம்பிக் குதிக்க மறுத்ததால் அவள் வெளியே நின்றாள் என்பது யாருக்கும் தெரியாது. அவளுக்கே அப்போது முழுதாகத் தெரியாது. அந்த எட்டில் கடைசி ஆட்டத்தின் பின்பாதியில், நான்காவது நிமிடத்தில், முழங்காலுக்குள் ஈரக் குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தாளில் அவளுடைய எண் அந்த இடத்தோடு நின்றிருந்தது. ஆயிரத்து இருநூற்று எண்பத்தாறு அவள் தொட்ட உயரம் இல்லை, விழுந்த இடம்.

கை தானாக ஷ்ரவ்யாவின் தாள்களை எடுத்தது. எல்லாம் அன்புச்செல்வியே எழுதியவை. கடைசி ஏழு ஆட்டங்கள். ஏழாம் எண்ணைச் சுற்றி வட்டம், வட்டம், வட்டம். கறுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லை.

மதிய வெயில் சன்னல் கம்பி வழியாகத் தாளின் மேல் விழுந்துகொண்டிருந்தது. அவள் தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வட்டத்தையும் அழகாகப் போட்டிருந்தாள்.

சென்னிமலையில் இருக்கும் நாச்சியம்மாளுக்குப் போன் செய்தது, எழுபத்தாறாம் வருடத்து ஓர் ஆட்டத்தின் தாள் கிடைக்கவில்லை என்று கேட்கத்தான். ஷ்ரவ்யாவின் பெயர் பேச்சோடு பேச்சாக வந்தது. "இப்பல்லாம் தூரத்துலயிருந்தே போட்டுத் தள்ளறாளுங்க்கா," என்றாள் அன்புச்செல்வி.

காணாமல் போன தாளை விட்டுவிட்டு நாச்சியம்மாள் கேட்டாள்.

"எந்தக் காலு, அம்மணி?"

அன்புச்செல்வி காலைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"எடதா இருக்கும்," என்றாள் நாச்சியம்மாள், அவளே. "வலக்கைக்காரிக எடது காலுலதான் எந்திரிக்கோணும். எனக்கும் அதான், உனக்கும் அதான். உன்ற காலு போன அன்னைக்கு நாந்தான் ரெஃப்ரி. பாதி ஆட்டத்துல உன்னக் கூப்புட்டுச் சொன்னேன். கண்ணு, உக்காந்துக்கன்னு. நீ என்னைய எப்படிப் பாத்தீன்னு ஞாபகமிருக்குதா?"

இருந்தது. விடுதிக்குப் போய்த் தோழிகளிடம் அந்த 'கண்ணு, உக்காந்துக்க'வைக் கேலியாக நடித்துக் காட்டக்கூட நேரம் கிடைக்காமல், அதற்குள் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. பொறாமையில் எரிகிறது இவளுக்கு என்று நினைத்தபடிதான் அவள் அன்று பின்பாதிக்கு ஓடினாள்.

"இருக்குதுங்க்கா."

"அப்படித்தான் அவளும் பாப்பா. சொல்லிப் பாரு," என்றுவிட்டு நாச்சியம்மாள் போனை வைத்தாள்.

புதன்கிழமை காலையில் அவள் கிருபாசங்கரிடம் தாள்களை விரித்து வைத்தாள். அவன் நின்றபடியே பார்த்தான்.

"டாக்டர் பாத்துட்டாருங்க்கா. லேசா வீக்கம். ஊசி போட்டாச்சு."

"ஊசி போட்டா வலிதாங்க சார் போகும். ஜவ்வு அப்படியேதான இருக்கும்?"

"சனிக்கெழம ஃபைனலுக்கு செலக்டருங்க வாராங்க. வெளையாட்டுக் கோட்டாவுல அந்தப் புள்ளைக்கு வேல ஆவுற நேரம். இப்பப் போயி உக்காரச் சொல்றீங்க." அவன் தாள்களை அடுக்கி அவள் கையில் கொடுத்தான். குரலில் கேலியோடு கொஞ்சம் கருணையும் இருந்தது. "இருபத்தேழு வருசம் வெச்சிருந்தீங்கல்ல. ஒருத்தி எடுத்துட்டுப் போகட்டுமுங்க்கா. பலகையில உங்க பேரும் இருக்கத்தான போவுது?"

ஷ்ரவ்யாவை அன்று மாலை பயிற்சி முடிந்ததும் பிடித்தாள். கருமத்தம்பட்டிக்காரி. நெடுநெடுவென்று, கன்னத்தில் பருவோடு, எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவள். கடலை மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினாள்.

"வேணாம் கண்ணு. கால் எப்படி இருக்குது?"

மெல்லுவது நின்றது. "யாரு சொன்னா?"

"ஷீட்டு சொல்லுச்சு."

ஷ்ரவ்யா சிரிக்கப் பார்த்தாள். பிறகு, வேறு யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டினாள். கட்டியிருந்த துணியின் மேலும் கீழும் சதை பிதுங்கியிருந்தது. "சில நேரம் மடக்குனா நீட்ட வர மாட்டேங்குது. கையில தட்டுனா வந்துரும். ஒருத்தர்கிட்டயும் சொல்லாதீங்க்கா. வேல ஆர்டர் வரலீன்னா வைகாசியில கல்யாணம். மாப்பிள்ள ஊடு வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. எங்கம்மா ஜாக்கெட்டுக்கு அளவு குடுத்துபோட்டு வந்திருக்கறாங்க."

"நாளைக்கு ஒரு மேட்ச் உக்காந்துக்க. சனிக்கெழம ஆடு."

அந்தப் பெண் அவளைப் பார்த்தாள். நாச்சியம்மாள் சொன்னது போலவே பார்த்தாள். மரியாதையாக, கண்ணோரத்தில் மட்டும் ஒரு சின்னச் சுளிப்போடு.

"நாளைக்குப் பதினாறு எடுத்துபோட்டு, அப்பறமா உக்காந்துக்கறனுங்க்கா," என்றாள்.

வியாழக்கிழமை அரங்கத்தில் உட்கார இடமில்லை. மாணவிகள் ஏழாம் எண் எழுதிய அட்டைகளைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். மேசையில் அன்புச்செல்விக்குப் பக்கத்தில் ரூபன், ஸ்கோர் போர்டு இயக்குபவன். ஷ்ரவ்யா ஒவ்வொரு முறை புள்ளி எடுக்கும்போதும் அவன் மொத்தத்தைச் சத்தமாகச் சொன்னான். ஆயிரத்து இருநூத்தி எழுவத்தி நாலு. எழுவத்தி ஏழு. கூட்டம் அவனோடு சேர்ந்து சொன்னது.

அன்புச்செல்வி வட்டங்களைப் போட்டாள். மூன்று வட்டம், இரண்டு சாதாரணக் கூடை. பதிமூன்று புள்ளி. ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் அந்தப் பெண் வலது காலில் மட்டும் இறங்குவதை அவள் பார்த்தாள். இறங்கியதும் ஒரு நொடி அசையாமல் நிற்கிறாள். உள்ளே ஏதோ சரியான இடத்தில் போய் உட்காருகிறதா என்று கேட்பவள் மாதிரி. அந்த நொடியை அரங்கத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை. அன்புச்செல்வியின் இடது முழங்கால் மேசைக்கு அடியில் தானாகத் துடித்தது.

கடைசிக் குவார்ட்டரில் ஆறு நிமிடம் மீதி. இன்னும் ஒரு மூன்று புள்ளி போதும். ஷ்ரவ்யாவின் பெயருக்கு எதிரே நான்கு ஃபவுல்கள் இருந்தன. ஐந்தாவது வந்தால் வெளியே போக வேண்டும். மேசையில் இருந்து ஐந்து என்று எழுதிய அட்டையைத் தூக்கினால் போதும்.

எதிரணிப் பெண் ரிங்குக்கு அடியில் எழும்பினாள். அவளைத் தடுக்க ஷ்ரவ்யாவும் அவள் அணியின் எட்டாம் எண்காரியும் ஒன்றாக எழும்பினார்கள். இறங்கும்போது ஷ்ரவ்யாவின் முழங்கால் உள்பக்கமாக ஒரு விரலளவு சாய்ந்து திரும்பி வந்தது. விசில். ரெஃப்ரி மேசையை நோக்கி ஒரு கையில் ஐந்து விரலும் மறு கையில் மூன்று விரலும் காட்டினார். எட்டு.

அன்புச்செல்வி ஏழுக்கு எதிரே எழுதினாள்.

"எட்டுங்க்கா காமிச்சாரு," என்றான் ரூபன் தணிந்த குரலில்.

"ஏழு."

அவள் மணியை அழுத்தி ஐந்தாம் அட்டையைத் தூக்கினாள். அரங்கம் கத்தியது. ரெஃப்ரி அருகில் வந்தார். இரண்டு பெண்களும் ஒன்றாகத்தானே எழும்பினார்கள். அவர் முகத்தில் தன் கண்ணின் மேலேயே ஒரு சந்தேகம் வந்திருந்தது. "ஏழா காமிச்சேன்?" என்று கேட்டார்.

"ஏழுதானுங்க சார்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். அவளுடைய தாள். ஷ்ரவ்யாவை வெளியே போகும்படி கை காட்டினார்.

ஆறு நிமிடம் இருந்தது. ரெஃப்ரி கையெழுத்துப் போடும்வரை தாளைத் திருத்தலாம். தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆறு நிமிடமும் அன்புச்செல்வி அதை நினைத்தபடி மற்றவர்களின் புள்ளிகளை எழுதினாள். பெஞ்சில் அந்தப் பெண் முழுக் காலோடு உட்கார்ந்திருந்தாள். காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டபோது, நெஞ்சுக்குள் இன்னொரு குரல், ஆயிரத்து இருநூற்று எண்பத்து நாலு என்று அமைதியாக எண்ணியது. அந்தக் குரலும் அவளுடையதுதான். இன்று ஒடியாமல் போன காலை யாரிடம் சாட்சியாகக் காட்டுவது? தனக்கேகூடக் காட்ட முடியாது.

அணி நான்கு புள்ளியில் வென்றது. ரெஃப்ரி கையெழுத்துப் போட்டார். கிருபாசங்கர் மேசையருகே வந்து நின்றான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். "ரெண்டு புள்ளியில நிக்குதுங்க்கா உங்க ரெக்கார்டு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

கூட்டம் கலைந்த பிறகு ஷ்ரவ்யா வந்தாள்.

"எட்டுதானுங்க்கா?"

அன்புச்செல்வி பேனாவை மூடினாள். "ஆமா."

"எதுக்குங்க்கா?"

சொல்ல இரண்டு பதில்கள் இருந்தன. இரண்டும் உண்மை. எது முதலில் வந்தது, எது கையைப் பிடித்து எழுதியது என்று அன்புச்செல்வி உள்ளே தேடினாள். கிடைக்கவில்லை.

"தெரியல கண்ணு. உன்ற காலு திரும்புச்சு. நான் பாத்தேன்."

"சனிக்கெழம டேபிள்ல நீங்க இருக்க மாட்டீங்க. சார் சொல்லிட்டாரு. வேற ஆளு வருது." ஷ்ரவ்யா தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, குடிக்காமல் மூடினாள். "இன்னைக்கு அந்த மூணு புள்ளிய எடுத்திருந்தன்னா, சனிக்கெழம மெதுவா நின்னு ஆடியிருப்பேன். செலக்டருங்களுக்குக் காட்டுனாப் போதும்னு. ராத்திரியெல்லாம் அப்படித்தான் பிளான் பண்ணி வெச்சிருந்தேன். இப்ப ரெண்டும் ஒரே நாள்ல வேணும். உள்ள பூந்து ஆடோணும். ரெண்டு ஊசி போட்டுக்கறேன்னு டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

"ஷ்ரவ்யா..."

"வாரனுங்க்கா."

அவள் திரும்பி, காலியான மைதானத்தின் குறுக்கே நேராக நடந்து போனாள். கொஞ்சமும் நொண்டவில்லை. இடது கால் வலது காலைப் போலவே சமமாக விழுந்தது. அப்படி நடப்பதற்கு எத்தனை நாள் யாரும் பார்க்காமல் பழக வேண்டும் என்று அன்புச்செல்விக்குத் தெரியும்.