இருபது புள்ளி முன்னிலை

கடவுளே, இன்றைக்கு இவர்களை நசுக்கிவிடு என்று பெஞ்சில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தேன். எதிரணிப் பெண்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. போதாக்குறைக்கு என் உயிர்த்தோழியே அந்த அணியில்தான் ஆடிக்கொண்டிருந்தாள். என்ன செய்வது? எங்கள் அணி இருபது புள்ளியாவது முன்னால் போனால்தான் மேடம் என்னைக் களத்தில் இறக்குவார்.

பெண்கள் கூடைப்பந்தில் எங்கள் கல்லூரி பெரிய புலி. எங்கே ஒருத்தி நன்றாக ஆடினாலும் மோப்பம் பிடித்து இழுத்து வந்துவிடுவார்கள். ஐந்து பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பெஞ்சைத் தேய்ப்பார்கள். வேறு கல்லூரிகளில் ஆளே இருக்காது. அதனால் முதல் பாதியிலேயே ஆட்டம் முடிந்த மாதிரிதான். பிறகு மேடம் கொட்டாவியை அடக்கிக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பி, "போங்கம்மா, கொஞ்சம் வேர்வை விட்டுட்டு வாங்க" என்பார். அந்த வேர்வையில்தான் என் படிப்பே ஓடிக்கொண்டிருந்தது.

நான் படிப்பது விளையாட்டு ஒதுக்கீட்டு சீட்டில். வருஷத்துக்குப் பத்து ஆட்டத்திலாவது களத்தில் கால் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சீட்டும் போச்சு, விடுதியும் போச்சு. அப்பா ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறார். நான் பெட்டியோடு போய் நின்றால் ஒரு வார்த்தை திட்ட மாட்டார். "சாப்பிட்டியாம்மா?" என்றுதான் கேட்பார்.

போன வருஷம் வரை கவலையில்லை. இந்த வருஷம் புது விதி கொண்டு வந்தார்கள். பெஞ்சில் கிடப்பவள் வேறு கல்லூரிக்கு மாறி உடனே ஆடலாமாம். எல்லா அணியும் சமமாக இருந்தால்தான் பார்க்கிறவர்களுக்கு ருசிக்குமாம். நியாயமான விதிதான், யார் இல்லையென்றது? எங்கள் பெஞ்சிலிருந்து நாலு பேர் கிளம்பிப் போனார்கள். சோப்ளாங்கி அணிகளெல்லாம் திடீரென்று எங்களோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தன. எனக்குத்தான் பிழைப்பில் மண் விழுந்தது. கடைசி ஆட்டத்துக்கு வந்தபோது என் கணக்கில் ஒன்பதுதான் இருந்தது.

போன நாலு பேரில் ஒருத்திதான் என் தோழி மிளகா. ஆள் குள்ளம், வாய் காரம், அதனால் அந்தப் பெயர். விடுதி அறையில் பெட்டியை அடைத்துக்கொண்டே என்னையும் கூப்பிட்டாள்.

"வாடி போலாம். இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? தண்ணி கேனுக்குக் காவலா?"

"அங்க போனா தோத்துக்கிட்டேதான் இருப்போம்டி."

"தோத்தா என்ன? ஆடிட்டுத் தோப்போம். சரியான தொடைநடுங்கிடி நீ!"

அவள் சொன்னது உண்மை. தோற்பதற்கு நான் பயப்படவில்லை. அங்கே போனால் நிஜமான ஆட்டம் ஆட வேண்டியிருக்கும், அதற்குத்தான் பயந்தேன். பயிற்சியில் நான் வேறு ஆள். வலது மூலையில் நின்று பந்தை எறிந்தால் பத்துக்கு எட்டு கூடைக்குள் விழும். என்னைத் தடுக்க முடியாமல் மிளகா எத்தனை நாள் பந்தை உதைத்துவிட்டுப் போயிருக்கிறாள்! ஆனால் கூட்டமும் விசிலும் இருக்கிற இடத்தில், ஒரு புள்ளிக்காக எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது, என் கையில் பந்தா? அம்மாடி, ஆளை விடுங்கள்.

கடைசி ஆட்டத்துக்கு வருவோம். மிளகா போய்ச் சேர்ந்த கல்லூரி எங்களை ஒரு முறைகூட ஜெயித்ததில்லை. அன்றைக்கு மிளகா பேயாட்டம் ஆடினாள். நாங்கள் ஆறு புள்ளி முன்னால் போனால் அவர்கள் எட்டிப் பிடித்தார்கள். பத்து போனோம், அதையும் பிடித்தார்கள். ஸ்கோர் போர்டைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த மேலாடையின் பொத்தானைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன். எங்கள் கேப்டன் ஒரு கூடையைத் தவறவிட்டபோது அவள் மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பாவி, என் சீட்டை அல்லவா தவறவிடுகிறாள்!

மூன்றாம் குவார்ட்டரில் எனக்கு முன்னதாக இறங்கியிருந்த மாற்று ஆட்டக்காரி கணுக்காலைத் திருகிக்கொண்டு வந்து ஐஸ் வைத்து உட்கார்ந்தாள். அடுத்தது நான்தான் என்று அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. கடைசி நிமிஷத்தில் கேப்டன் மிளகாவின் கையில் அடித்துவிட்டாள். விசில். கேப்டனுக்கு அது ஐந்தாவது ஃபவுல், வெளியே போக வேண்டியதுதான். நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம்.

மேடம் பெஞ்சைப் பார்த்தார். அவர் பார்வை ஒவ்வொருத்தியாகத் தாண்டி என்னிடம் வந்து நின்றது. அவர் முகத்தில் தெரிந்ததைச் சொன்னால் வெட்கக்கேடு, அவருக்கும் பயம்தான்.

"நீ போ. மூலையில நில்லு. பந்து வந்தா கையில வச்சிருக்காத, நெட்டச்சிகிட்ட குடுத்துடு. நீயா எதுவும் பண்ணாத, புரியுதா?"

நெட்டச்சி எங்கள் அணியிலேயே உயரமானவள், வளையத்துக்கு அடியில் நிற்பவள். தலையாட்டினேன். கோட்டைத் தாண்டிக் களத்தில் கால் வைத்தேன். பத்தாவது ஆட்டம்! சீட்டு பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம், எனக்கோ அடுத்த கவலை வந்துவிட்டது. என்னால் தோற்றால் அடுத்த வருஷம் இந்தப் பெஞ்சில் யார் என்னை உட்காரவிடுவார்கள்?

மிளகா இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டாள். இப்போது அவர்கள் ஒரு புள்ளி முன்னால். எங்கள் கையில் பந்து, இருபது நொடி பாக்கி.

நான் வலது மூலைக்கு ஓடினேன். என்னைத் தடுக்க யாரும் வரவில்லை. அவர்களுடைய கோச் கோட்டோரம் நின்று கத்தினார்: "அவளை விட்ருங்க! அவ ஒண்ணும் பண்ண மாட்டா! அந்த நெட்டைப் பொண்ணப் பிடி!" அரங்கம் முழுக்கக் கேட்டது. அவமானமாக இருந்தது. பொய் சொல்வானேன், நிம்மதியாகவும் இருந்தது. நெட்டச்சிக்குப் பின்னால் ஒருத்தி, முன்னால் மிளகா. உள்ளே பந்து போக வழியே இல்லை.

அதனால் பந்து என்னிடம் வந்தது.

நான் வளையத்தைப் பார்க்கவே இல்லை. மேடம் சொன்னது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது: நெட்டச்சி, நெட்டச்சி. நடுவில் யார் நிற்கிறார்கள் என்றுகூடக் கண்ணில் படவில்லை. எறிந்துவிட்டால் போதும் என்று கையை ஓங்கினேன்.

அப்போது மிளகா அலறினாள். "ஐயோ, அவளை விடாதீங்க! அங்கேருந்து போட்டுடுவாடி அவ!"

நின்ற இடத்தை விட்டுவிட்டு, இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு என்னை நோக்கிப் பாய்ந்து வந்தாள். அவள் கண்ணில் பயம். என்னைப் பார்த்துப் பயம்! பந்து என் கையை விட்டுப் போனது. அவள் விட்டுவந்த வெற்றிடத்தில் நெட்டச்சி அதைப் பிடித்தாள், திரும்பினாள், போட்டாள். மணி அடித்தது. ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டோம்.

எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிச் சுற்றினார்கள். கேப்டன் கன்னத்தைக் கிள்ளினாள். எப்படியோ விடுபட்டு வந்தபோது, எதிர் பெஞ்சில் அவர்கள் கோச் மிளகாவை நிற்கவைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன சொன்னேன்? அவளை விட்ருன்னு சொன்னேனா இல்லையா? மொத்த ஆட்டத்தையும் தூக்கிக் குடுத்துட்டியே!"

மிளகா அழுதிருந்தாள். ஆனாலும் வாய் அடங்கவில்லை. "சார், உங்களுக்கு அவளைத் தெரியாது. விட்டிருந்தா போட்டிருப்பா." அப்போதுதான் என்னைக் கண்டாள். "இதோ வந்துட்டாளே, அவளையே கேளுங்க. சொல்லுடி, போட்டிருப்பதானே?"

அந்த சாரும் என்னைப் பார்த்தார். அவள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தால் என் பந்து நேராக அவள் கையில்தான் போய் விழுந்திருக்கும். ஜெயித்தும் இருப்பாள். எங்கள் மேடம்கூட நம்பாத என்னை, இந்த அரங்கத்தில் நம்பியது அவள் ஒருத்திதான். அதற்குத்தான் தோற்றாள்.

"போட்டிருப்பேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"பாத்தீங்களா சார்!" மிளகா மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் தோளில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "அடுத்த வருஷமும் நீ அந்த மூலையில நில்லுடி. நான் மறுபடியும் ஓடி வருவேன்."

வருவாள். அவள் சொன்னால் செய்கிறவள். சரி என்று தலையாட்டினேன். அப்புறம்தான் நிமிர்ந்து அந்த வளையத்தைப் பார்த்தேன்.