நாலாம் மாடிக்கு இரண்டு சம்பந்திகள்

நீதிமன்றத் தட்டச்சருக்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் முப்பது வருடம் நாற்காலியிலேயே கழிந்துவிட்டது. சாட்சி சொல்கிறவர் மூச்சு விடுவதற்குள் இவர் அதை அடித்து முடித்திருப்பார். விரல்களைத் தவிர உடம்பில் வேறெதற்கும் அவர் வேலை வைத்ததில்லை. அவருடைய சம்பந்தி, அதாவது மருமகனின் அப்பா, பேருந்து ஓட்டுநர். அவரும் உட்கார்ந்தபடியே ஊரைச் சுற்றியவர்தான். தொப்பையில் இருவரும் போட்டிக்குப் போட்டி.

பிள்ளைகள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாம் மாடியில். கல்யாணமாகி ஒன்றரை வருடமாகியும் இரண்டு அப்பாக்களும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை. தெருவில் நின்று அண்ணாந்து கூப்பிடுவார்கள், மகள் துள்ளிக்கொண்டு இறங்கி வருவாள், பேசிவிட்டுப் போவார்கள். மேலே போய் வருவதெல்லாம் மனைவிமார்தான்.

மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது, அடிக்கடி படி ஏறி இறங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அவள் பால்கனியில் நின்று கையசைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். இரண்டாம் மாடியில் கண் இருட்டியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கே குடியிருந்த ஒரு அம்மாள் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு, அசடு வழிய இறங்கி வந்தார்.

சாயங்காலமே சம்பந்திக்குப் போன் போட்டார்.

"நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வர்றீங்களா சம்பந்தி? சும்மா ஒரு நடை."

"சும்மாதானே? வந்துட்டாப் போச்சு!"

மறுநாள் இருவரும் புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தார்கள். சம்பந்தி முன்னால் தோற்கலாமா? அரைச் சுற்றுக்குள் ஓட்டுநர் குனிந்து ஷூ லேஸைக் கட்டினார். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கட்டினார். தட்டச்சரோ மரத்துக்கு மரம் நின்று கிளையை அண்ணாந்து பார்த்தார். "என்ன பறவைன்னு பாக்குறேன்" என்று வாய் கூசாமல் சொன்னார். மரத்தில் பறவையே இல்லை.

மூன்றாம் நாள் தட்டச்சர் நடைபாதை ஓரத்துப் பெஞ்சில் தொப்பென்று விழுந்தார்.

"சம்பந்தி, பொய் சொல்ல மாட்டேன். எனக்கு முடியல. நெஞ்சு அடைக்குற மாதிரி மூச்சு வாங்குது."

ஓட்டுநர் பக்கத்தில் சரிந்தார். "இதை முதல் நாளே சொல்லக் கூடாதா? லேஸை அவுத்து அவுத்துக் கட்டி எனக்கு விரலே வீங்கிப்போச்சு!"

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். கல்யாணப் பேச்சு நாளிலிருந்து இருவருக்கும் நடுவே நின்ற விறைப்பு அந்தப் பெஞ்சிலேயே கழன்று விழுந்தது.

தட்டச்சரின் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். விஷயத்தைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டாள். முதல் வேலையாக இருவரையும் தன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய் நெஞ்சைச் சோதித்துப் பார்க்க வைத்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மறுபடி மைதானத்துக்கு விட்டாள்.

"என்னங்க, பந்தயமா ஓடுறீங்க? பேசிக்கிட்டே நடங்க. பேச முடியாமப் போனா வேகத்தைக் குறைங்க. அவ்வளவுதான் கணக்கு."

பேசுவதற்கா இவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும்? முதல் வாரம் அரைச் சுற்று, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு என்று பேச்சோடு சேர்ந்து நடையும் நீண்டது. நடுவில் தட்டச்சருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்தியது. விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். ஐந்தாம் நாள் ஓட்டுநர் வாசலில் வந்து நின்று, "இன்னிக்கு மெதுவா, உங்க காலு சொல்ற வரைக்கும்" என்றார். போனார்கள்.

நீதிமன்றத்திலும் தட்டச்சர் ஒரு சாட்சி முடிந்தால் எழுந்து நின்றார், லிஃப்டை விட்டுப் படியில் ஏறினார். தேநீரில் சர்க்கரையை அரைக் கரண்டியாக்கினார். "ஐயா, கால்ல சக்கரமா?" என்று கேலி செய்த குமாஸ்தாவே பின்னாலேயே படியேறி வரத் தொடங்கினார். பெல்ட்டில் புதுத் துளை போட வேண்டியதாயிற்று.

ஏழு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் இருவரும் அந்தப் படிக்கட்டுக்கு வந்தார்கள். இரண்டாம் மாடியைப் பேசிக்கொண்டே தாண்டினார்கள். மூன்றாம் மாடியில் தொடை எரிந்தது.

"நிப்போமா சம்பந்தி?"

"தாராளமா. யாரு நம்மளைத் துரத்துறா?"

நின்றார்கள், பிறகு ஏறினார்கள். தட்டச்சர் அழைப்பு மணியை அழுத்தினார். கதவைத் திறந்த மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வெளியே எட்டிப் பார்த்தாள்.

"அப்பா! மாமா! யாரு தூக்கிட்டு வந்தாங்க?"

"எங்க காலுதாம்மா" என்றார் ஓட்டுநர்.

மகள் சிரித்தாள். அப்படியே கண் கலங்கினாள். தட்டச்சர் ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்த்தார். அலமாரிக் கதவு ஒன்று சரியாக மூடவில்லை. சமையலறை ஜன்னலில் நல்ல காற்று. மகள் தினமும் நின்று பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று, அவள் தினமும் பார்க்கும் கூரைகளைப் பார்த்தார். ஒன்றரை வருடம் இதைப் பார்க்காமல் இருந்தோமே என்று மனசு கனத்தது. அடுத்த நிமிடமே, இனி நினைத்த நேரத்தில் வரலாமே என்று லேசாகியும் விட்டது.

"உனக்கு என்ன வேணும்னாலும் ஒரு போன் போடு. ரெண்டு பேர்ல ஒருத்தர் ஏறி வருவோம்" என்றார்.

அடுத்த வாரம் ஓட்டுநர் தம்பி வீட்டுக்கு வெளியூர் போனார். திங்கட்கிழமை காலை தட்டச்சரைக் கேள்வி கேட்க ஆளில்லை. தூறல் வேறு. மனைவி போர்வைக்குள்ளிருந்தே, "இன்னிக்கு நடைக்கு லீவுதானே?" என்றாள்.

"லீவா? அது கோர்ட்டுக்குத்தான்" என்றவர், குடையை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் மூன்று சுற்று நடந்தார்.