ஒன்பது கிலோமீட்டர்

சிஸ்டருக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் நிற்க மாட்டாள். லிஃப்ட் வரும்வரை காத்திருக்க மாட்டாள். மூன்றாம் மாடிக்குப் படியேறிப் போய் நின்றுகொண்டு, லிஃப்டில் வருகிறவர்களை முறைப்பாள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்குத் தலைமை நர்ஸ். அங்கே டாக்டர் கை நீட்டுவதற்கு முன்பே கத்தரி அவர் கையில் இருக்கும். நல்ல பழக்கம்தான். அதை வீட்டுக்கும் கொண்டு வந்ததுதான் வினை. புருஷன் வாயைத் திறப்பதற்குள் அவர் கேட்க வந்ததையும் சொல்லி, அதற்குப் பதிலையும் சொல்லி, அடுத்த வேலைக்குப் போயிருப்பாள்.

புருஷன் நில அளவைத் துறையில் சர்வேயர். சைக்கிள் கிளப்பிலும் அவருக்கு அதுதான் பெயர். ‘சர்வேயரும் சிஸ்டரும் வந்தாச்சு’ என்று யாராவது சொல்ல, புதிதாகச் சேருகிறவர்கள் அண்ணன் தங்கை என்று நினைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்து விஷயம் தெரிந்து அசடு வழிவார்கள். சர்வேயர் நிதானம் என்றால் அப்படியொரு நிதானம். ஒரு கேள்வி கேட்டால் மூன்று கிலோமீட்டர் தாண்டித்தான் பதில் வரும். ஆனால் வரும்.

அன்றைக்கு ஜோடி சவாரி. ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, மூன்று பழைய ஊர்களைத் தொட்டுக்கொண்டு நூற்றிருபது கிலோமீட்டர். ஊருக்கு ஒரு மேசை போட்டு, அட்டையில் முத்திரை குத்துவார்கள். ஜோடி இருவரும் சேர்ந்து நின்றால்தான் முத்திரை. பகல் இரண்டு மணிக்குள் முடித்தால் கிளப் பலகையில் பெயர் ஏறும். போன வருஷம் பதினோரு நிமிஷத்தில் போயிற்று. சர்வேயர் ஏதோ ஒரு கோட்டைச் சுவரில் கை வைத்து, கல் எந்தக் காலத்தது என்று பார்த்துக்கொண்டிருந்த பதினோரு நிமிஷம் அது. இந்த வருஷம் கிளம்பும்போதே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். எடை குறையட்டும் என்று இருவர் போனையும் தன் பனியனின் முதுகுப் பையிலேயே போட்டுக்கொண்டாள். போன் இருந்தால்தானே போட்டோ எடுப்பார்!

ஆனால் சிஸ்டரின் தவிப்பு அன்றைக்கு முத்திரைக்காக மட்டும் இல்லை. அந்தப் போனுக்குள் பன்னிரண்டு நாளாக ஒரு கடிதம் இருந்தது. நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பெரிய ஆஸ்பத்திரி. எட்டு தியேட்டருக்கும் இவள்தான் தலைமை. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மனசுக்குள் சரி சொல்லிப் பதினோரு நாள் ஆயிற்று. ஒரே மகள் கல்லூரி விடுதியில் இருக்கிறாள், அவளால் தடை இல்லை. சர்வேயரிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால், பயம். கத்துகிற மனிதராக இருந்தால் பதிலுக்குக் கத்திவிடலாம். இவர் ‘அப்படியா’ என்பார். அந்த ‘அப்படியா’வுக்குப் பிறகு என்ன வரும் என்று, இருபது வருஷத்தில் முதல்முறையாக, அவளால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று கிளம்பினாள். முதல் ஊரில் முத்திரை விழுந்ததும் திரும்பினால், ஆள் கல் வாசலின் கீழே நின்று தலையை அண்ணாந்து மேலே செதுக்கியிருந்த எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார். “சத்தியம் ஞாபகம் இருக்கா?” என்று விரட்டியதிலேயே நேரம் போய்விட்டது, விஷயத்தைச் சொல்லவில்லை. இரண்டாவது ஊர் தாண்டித் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது மறுபடி முயன்றாள்.

“என்னங்க, ஒரு விஷயம்...”

“வண்டி!” என்றார் பின்னாலிருந்து.

பழக்கூடை ஏற்றிய லாரி ஒன்று உரசாத குறையாகக் கடந்து போனது. புழுதி அடங்குவதற்குள் தைரியமும் அடங்கிவிட்டது.

ஜோடியாக ஓட்டுகிறவர்கள் வழியில் பேசிக்கொள்வது அவ்வளவுதான். முன்னால் போகிறவர் ‘குழி’ என்பார், ‘கல்’ என்பார். பின்னால் வருகிறவர் முதுகுப்புறம் வருவதைப் பார்த்து ‘வண்டி’ என்பார். எல்லாம் ஒற்றை வார்த்தை, மிச்சத்தைக் காற்று தின்றுவிடும். நாற்சந்தி வந்தால் முன்னால் போகிறவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ‘காலி’ என்று கத்த வேண்டும். பாதை காலியாக இருக்கிறது, தைரியமாக வா என்று அர்த்தம். பின்னால் வருகிறவர் அதையே திருப்பிச் சொன்னால், கேட்டது, வருகிறேன் என்று அர்த்தம். இவர்கள் ஜோடியில் முன்னால் போவது எப்போதும் சிஸ்டர்தான். அதை யாரும் பேசி முடிவு செய்யவில்லை.

சரிவிலிருந்து இறங்கியதும் ஆறு. ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம், பாலம் முடிகிற இடத்தில் நாற்சந்தி. எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். சந்தியில் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“காலி!”

“...காலி!” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. கொஞ்சம் இழுத்தாற்போல் இருந்தது. ஆனாலும் வந்தது. சிஸ்டர் சந்தியைக் கடந்து, ஆற்றங்கரைச் சாலையில் திரும்பி, வேகம் கூட்டினாள்.

இனி மூன்றாவது ஊர்வரை நேர்ச்சாலை. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கம்பியில் படர்ந்த கொடிகள், வரிசை வரிசையாக. தூரத்தில் குன்றின் மேல் அந்த ஊரின் மதிலும் ஒரு உடைந்த கோபுரமும் தெரிந்தன. பத்தே முக்கால்தான் ஆகியிருந்தது. பின்னால் மூச்சுச் சத்தமும், மிதிப்பதை நிறுத்தும்போதெல்லாம் சக்கரத்தின் டிக்டிக்கும் சீராக வந்துகொண்டிருந்தன. இவளுடைய முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி, சக்கரத்தோடு சக்கரம் ஒட்டினாற்போல் வருகிறார். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதே ஒரு வசதியாகத் தோன்றியது. இப்போது இல்லை என்றால் எப்போதும் இல்லை.

“என்னங்க, குறுக்கே பேசாமக் கேளுங்க,” என்று காற்றுக்கு மேல் சத்தமாக ஆரம்பித்தாள். “எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. பெரிய ஆஸ்பத்திரி. எட்டு தியேட்டர், எல்லாம் என் பொறுப்பு. நானூறு கிலோமீட்டர் தூரம். நான் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

பின்னால் பேச்சே இல்லை. மூன்று கிலோமீட்டர் தாண்டிப் பதில் சொல்கிற மனிதரிடம் போய்க் குறுக்கே பேசாதே என்று சொன்னது இவள் புத்தி.

“உங்க மேல கோபம்னு நினைக்காதீங்க. எனக்கு அந்த வீட்ல மூச்சு முட்டுது. சாயங்காலம் நீங்க வந்து செருப்பைக் கழட்டுற சத்தம் கேட்டா, படுக்கப் போற வரைக்கும் என்னென்ன நடக்கும்னு எனக்கு வரிசையாத் தெரியும். எந்த நாற்காலி, எந்தத் தம்ளர், எப்ப கொட்டாவி, எல்லாம் தெரியும். அது உங்க தப்பு இல்ல. ஆனா இப்படியே எனக்கு அறுபது வயசு ஆயிடுமோன்னு பயமா இருக்குங்க.”

கண்ணில் நீர் வந்துவிட்டது. காற்றுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் காற்று இல்லை, அழுகைதான். ஒரு கிலோமீட்டர் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தாள். பிறகு மறுபடி பேசினாள். அடக்கி வைத்ததெல்லாம் மடை திறந்தாற்போல் வந்தது. மகள் பிறந்தபோது கைவிட்ட மேல்படிப்பைச் சொன்னாள். போன மாதம் தியேட்டரில் தான் கத்தியதில் சின்ன நர்ஸ் ஒருத்தி அழுததைச் சொன்னாள். அத்தனையும் பேசிவிட்டுக் கடைசியில், “நீங்க நல்லவரு. அதைக்கூட நான் உங்ககிட்ட ஒரு தடவையும் சொன்னதில்ல,” என்றாள்.

டிக்டிக். மூச்சு. ஆறு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய மூன்று கிலோமீட்டர் கணக்குக்கூட முடிந்துவிட்டது. சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை.

“ஏதாவது சொல்லித் தொலைங்களேன்!”

“நல்ல வேலையாத்தான் தெரியுது மேடம்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “விட்டுடாதீங்க.”

சிஸ்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சைக்கிள் மட்டும் ஓடி, சாலையை விட்டு இறங்கி, கொடி வரிசையில் முட்டி நின்றது. திரும்பினாள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள், கீரைப் பச்சையில் பனியன், முகமெல்லாம் வியர்வையும் சங்கடமுமாக நின்றிருந்தார். இவளுக்குப் பின்னால், கண்ணுக்கு எட்டின தூரம் சாலை வெறிச்சோடிக் கிடந்தது.

“நீங்க யாருங்க? எங்க வீட்டுக்காரர் எங்கே?”

“பாலத்துக்கிட்ட இருந்து நான்தான் வரேன் மேடம். எதிர்க்காத்துக்கு உங்க பின்னால கொஞ்சம் ஒதுங்கிக்கலாம்னு ஒட்டிக்கிட்டேன். என் மச்சானுக்கு முதல் ஊர்லயே வயிறு சரியில்ல, பஸ் ஏறிட்டான். ஜோடி போச்சு, முத்திரையும் கிடையாது. இவ்வளவு தூரம் வந்தாச்சேன்னு சும்மா ஓட்டுறேன்.”

“நான் பேசினப்பவே சொல்லியிருக்கலாமில்ல?”

“குறுக்கே பேசாதீங்கன்னு சொன்னீங்களே,” என்றார் அவர். பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். “நான் சலூன் வச்சிருக்கேன் மேடம். எங்ககிட்ட உட்கார்றவங்க கண்ணாடியைப் பார்த்துப் பேசுவாங்க. வீட்டு விஷயம் எல்லாம் வரும். நாங்க கத்தரியை நிறுத்தாம கேட்டுக்கிறது. நிறுத்தினா பேச்சும் நின்னுடும். அந்தப் பழக்கத்துல இருந்துட்டேன். மன்னிச்சிடுங்க.”

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, வெட்கம்தான் வந்தது. பன்னிரண்டு நாளாகப் புருஷனிடம் சொல்ல முடியாததை ஊர்பேர் தெரியாத ஒருவருக்கு ஒப்பித்து முடித்தாயிற்று.

“பாலத்துக்கிட்ட அவரைப் பார்த்தீங்களா?”

“ஒருத்தர் பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தொடையைப் பிடிச்சுக்கிட்டு ‘நான் காலி, நான் காலி’ன்னாரு. உங்க ஆளுன்னு எனக்கு அப்பத் தெரியாதுங்க. ஒத்தாசை வேணுமான்னு ஓட்டிக்கிட்டே கேட்டேன், வேணாம், கூட வந்தவங்க திரும்பி வருவாங்கன்னுட்டாரு.”

காற்று ‘நான்’ என்பதைத் தின்றுவிட்டு மிச்சத்தை மட்டும் அவளிடம் கொண்டு வந்து கொடுத்திருக்கிறது. கேட்டது, வருகிறேன் என்று இவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். போன் பண்ணலாம் என்று முதுகுக்குக் கை போனது. இரண்டு போனும் அங்கேதான் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சைக்கிளைத் திருப்பியபோது சலூன்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “தப்பா நினைக்காதீங்க. நீங்க இவ்வளவு நேரம் சொன்னதுல, அவரையும் கூட வரச் சொல்லி ஒரு வார்த்தை வரலையே. வேணாம்னா, இல்ல மறந்துட்டீங்களா?”

சிஸ்டர் ஹெல்மெட் பட்டையை இறுக்கிக்கொண்டாள்.  சர்வேயர் வேலையை விட மாட்டார், ஊரை விட மாட்டார், அந்த நாற்காலியை விட மாட்டார் என்று அவர் சார்பில் இவளே பதினோரு நாள் முன்பே பதில் சொல்லியிருந்தாள். கேள்வியை மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

மூன்றாவது ஊர் மேசை இரண்டு கிலோமீட்டரில் இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. காற்று இப்போது முதுகில். வந்ததைவிட இரண்டு பங்கு வேகத்தில் ஓட்டினாள். கொடிகளுக்கு நடுவே வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். தொடைப்பிடிப்புதானே என்று நர்ஸ் புத்தி சொன்னது. லாரி வருகிற பாலம் என்று பெண்டாட்டி புத்தி சொன்னது. இன்னும் வேகம் கூட்டினாள்.

சர்வேயர் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில் சாய்ந்திருந்தது. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் முழுசாக இருக்கிறார் என்று தெரிந்த அடுத்த நொடி சிஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் காலின்னு ஒரு பேச்சா? நில்லுன்னு சொல்ல வேண்டியதுதானே!”

“நில்லுன்னா நீ நிப்பியா?”

சிஸ்டர் சைக்கிளைச் சுவரில் சாய்த்தாள். குனிந்து அவர் தொடையை அமுக்கிப் பார்த்தாள். கல்லாக இறுகியிருந்தது. பாதத்தைப் பிடித்து மேலே வளைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஊர், ஆஸ்பத்திரி, எட்டு தியேட்டர், திங்கட்கிழமை. ஆற்றங்கரைச் சாலையில் அவ்வளவு சரளமாக வந்த பேச்சு இப்போது தட்டுத் தடுமாறி வந்தது. முதல் தடவை அது சலூன்காரருக்குப் போனதையும் மறைக்கவில்லை.

சர்வேயர் “அப்படியா” என்றார்.

சிஸ்டர் தேய்ப்பதை நிறுத்தினாள். பிறகு அவர் முகத்தை நேராகப் பார்த்து, “நீங்களும் வரீங்களா?” என்று கேட்டாள். கேட்டுவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது, வழக்கம்போல.

சர்வேயர் காலை மெதுவாக மடக்கினார். நீட்டினார். “திங்கட்கிழமை நீ சரின்னு சொல்லிடு. நீ போக வேண்டியவதான். இங்கேயே இருந்தா என்னையும் சேர்த்துக் கடிச்சுத் துப்பிடுவே. அது எனக்கு எப்பவோ தெரியும். ஆனா நான் வரேனா இல்லையான்னு எனக்கே தெரியல.”

“எப்பத் தெரியும்?”

“எவ்வளவு தூரம் போனப்புறம் பார்த்தே, பின்னால வர்றது நான் இல்லேன்னு?”

சைக்கிளில் மாட்டியிருந்த தூர மீட்டரில் பார்த்திருந்தாள். பொய் சொல்லலாம். அவர் அளக்கிறவர், அவரிடம் பொய் எடுபடாது. அதைவிட, பொய் சொல்ல மனசு வரவில்லை.

“ஒன்பது கிலோமீட்டர்.”

சர்வேயரின் முகம் சுருங்கியது. அவர் சிரித்துச் சமாளிப்பார் என்று சிஸ்டர் எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை. அவருக்கு வலித்தது, காலில் இல்லை. அது அவளுக்கும் நன்றாகத் தெரிந்தது.

“ஒன்பது கிலோமீட்டர்,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். “சரி. எனக்கு ஒன்பது நாள் கொடு. நடுவுல கேக்கக் கூடாது. ஜாடையாக் கூடக் கேக்கக் கூடாது. நானே யோசிச்சு நானே சொல்றேன்.”

ஒன்பது நாள்! சிஸ்டர் வாயைத் திறந்தாள். எதற்கு ஒன்பது, மூன்று போதாதா, நீங்கள் வர மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியாதா, வந்தால் உங்களுக்கு மாற்றல் கிடைக்குமா என்று நூறு பேச்சு ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றது.

“சரிங்க,” என்றாள்.

அவருக்குப் பக்கத்தில் சுவரில் ஏறி உட்கார்ந்தாள். கால் ஆடியது. கையால் பிடித்து நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆடியது, மறுபடி பிடித்துக்கொண்டாள். அவர் சொல்லப் போகிற பதில் என்னவென்று அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.