அக்காவின் வெள்ளை அணுக்கள்

லூசாக்கா மருத்துவமனையில் எங்களைத் திருப்பி அனுப்பியது அன்று மூன்றாவது தடவையா நான்காவதா, எனக்கு உறுதியாக நினைவில்லை. அக்கா சிலுஃப்யா சிரித்தது மட்டும் நினைவிருக்கிறது.

அவளுக்கு மார்பகப் புற்றுநோய். “வெள்ளை அணுக்கள் கம்மியா இருக்கு. இப்ப மருந்து ஏத்தினா காய்ச்சல் கண்டு உடம்பு தாங்காது,” என்றார் டாக்டர் சிம்விங்கா. ஒவ்வொரு முறையும் இதையேதான் சொன்னார்.

“என் புருஷன் மாதிரிதான் டாக்டர். வேணுங்கிறப்ப வீட்ல இருக்காது,” என்றாள் அக்கா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊர் என்டோலாவிலிருந்து பஸ்ஸில் வந்த எரிச்சலில் கையை நீட்டினேன். “எனக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க. சந்தையில கருவாட்டு மூட்டை தூக்குறவ நான். காய்ச்சல்னு படுத்ததில்ல.”

என் வாயை அடைக்கத்தான் எடுக்கச் சொன்னார். மாலையில் முடிவு வந்தது. என் எண்ணிக்கை அக்காவுடையதைவிடக் குறைவு.

டாக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, “இத்தனை அணு இருந்தாதான் மருந்துங்கிற அளவு நாங்க வச்சதில்லம்மா. வெளிநாட்டுக்காரங்க ரத்தத்தைப் பார்த்து வச்சது. நம்ம கறுப்பு ஜனங்கள்ல நிறையப் பேருக்கு இயல்பே இவ்வளவுதான் போல,” என்றார்.

“அப்ப இன்னைக்கே ஏத்துங்க.”

“மேலிடத்துல கேக்கணும். அடுத்த வாரம் வாங்க.”

“கட்டி அதுவரைக்கும் காத்திருக்குமா?”

அவர் அடுத்த வாரத் தேதியைச் சீட்டில் எழுதினார்.

மேலிடம் சம்மதிப்பதற்குள் நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. மழைக்காலம் தொடங்கும் முன் அக்கா இறந்தாள். அவள் புருஷன் அடக்கத்துக்கு வந்தான். டாக்டர் அங்கேயேதான் இருக்கிறார். பரிசோதனைத் தாளில் அந்த அளவும் அப்படியே இருக்கிறது. நான் சந்தையில் மூட்டை தூக்குகிறேன். இன்றுவரை காய்ச்சல் வந்ததில்லை.