நாற்பதாவது சிரிப்பு

"வளையலை உடைக்காதீங்க! நாளைக்கு மத்தியானம் வரைக்கும் அவ சுமங்கலி!"

மூச்சிரைக்க வாசலில் நின்றவர் மலாயா ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி லூயிஸ். உள்ளே அங்கம்மாவின் மணிக்கட்டைப் பிடித்திருந்த, கூலிகளை மேய்க்கும் தண்டல் காளியப்பனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என்ன கிராணியாரே, விளையாடுறீங்களா? இவ புருஷன் அய்யாவு, ஜப்பான்காரன் போடுற சயாம் ரயில் ரோட்டுல செத்த சேதி வந்து இன்னியோட பதினாறு நாளு. முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அலமாக்! முறையை ஒரு நாளு தள்ளி வைங்க தண்டலு. ரப்பரை வாங்க ஆளில்ல. அதனால இனிமே பால் கணக்கு வேணாமாம். தோட்டம் எவ்வளவு முன்னேறியிருக்குன்னு சிரிக்கிற வீட்டை எண்ணித்தான் பார்ப்பாங்களாம். நாளைக்கு ஜப்பான் அதிகாரி வர்றாரு. நாப்பது வீடும் சிரிச்சா நாலு மூட்டை அரிசி. ஒரு வீடு அழுதாலும் ஒரு மணிகூட கெடையாது."

மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாக்கு மரத்துப்போன வீடு அது. அரிசி என்றதும் காளியப்பனின் பிடி தானாகத் தளர்ந்தது.

அன்று மாலை கூலி வீடுகள் வரிசையாக நின்ற லயம் முழுக்கச் சிரிப்புப் பயிற்சி நடந்தது. லூயிஸ் அடிக்கோலை வைத்து வாய் வாயாக அளந்தார். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தால் செல்லாதாம். புருஷன்கள் சயாமுக்குப் போன வீட்டுப் பெண்கள் கன்னத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார்கள்.

பதினாறு நாளாக அங்கம்மா கையால் தண்ணீர்கூட வாங்காத நாத்தனார் கருப்பாயி, தானே வந்து அவளுக்குப் பூ வைத்தாள்.

"பல்லு தெரியணும்டி. துக்கத்தை உள்ளாற வச்சுக்க."

அங்கம்மாவுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. லூயிஸ் ஓடி வந்து அளந்தார்: இரண்டே முக்கால் அங்குலம்! தோட்டத்திலேயே நீளமான சிரிப்பு. அப்புறம் என்ன, மறுநாள் அதிகாரிக்கு ஆரத்தி எடுக்கும் தட்டைக் காளியப்பன் அவள் கையிலேயே கொடுத்தான். அதிகாரி குனிந்து அவள் வாயை இரண்டு தரம் அளந்து, திருப்தியாகத் தலையாட்டினார். நாலு மூட்டை இறங்கியது.

அடுத்த நாள் காலை காளியப்பன் கல்லோடு வந்து நின்றான். பின்னால் கருப்பாயி. சாட்சிக்கு நிற்கட்டும் என்று லூயிஸையும் பிடித்து இழுத்து வந்திருந்தார்கள்.

"கையை நீட்டு தாயி. தோட்டந்தான் முன்னேறிடுச்சே. இனி நம்ம முறையைப் பார்க்கலாம்."

அங்கம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். கிராணியைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, முந்தாநாளே தாலியறுக்க வேண்டியவ நேத்து இந்தக் கையால ஆரத்தி எடுத்தேன். ஒருத்தருக்கும் ஒரு கேடும் வரலை. நாப்பது வீட்டுலயும் சோறு வெந்துச்சு. நாம முன்னேறினதை எழுதுற தாளுல, அதையும் ஒரு வரி எழுதுறீங்களா?"